பாலத்துச் சண்டையில் தெரிந்த வெள்ளை முடி

சீப்பின் வால்முனை பின்கழுத்திலிருந்து மேலே ஏறியது. ஒரு வரிசை, அதற்கு மேல் இன்னொரு வரிசை. மரத்தலையில் பல்குச்சியால் பசை தொட்டு, பதினைந்து முடி கொண்ட கற்றையை அதன்மேல் படுக்கவைத்து, கட்டைவிரலால் அழுத்தி, மூன்று மூச்சு பொறுத்து விரலை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் கற்றை விரலோடு வந்துவிடும். தாமதித்தால் பசை மேலே கசிந்து, உலர்ந்த பிறகு பொடுகு மாதிரி தெரியும். நாற்பது வருஷம் ஷாம்பூ நுரையில் ஊறிய கைகள் அவை. ரேகை மங்கிப் போனதால் கைப்பேசி அந்த விரலை அடையாளம் கண்டுகொள்வதில்லை. ஆனால் பதினாறாவது முடி ஒன்று கற்றைக்குள் நுழைந்தால் அந்த விரல்கள் நின்றுவிடும்.

பக்கத்து நாற்காலியில் தலை நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்தாள் சாய்-யூன். சந்தையில் முட்டைக்கோஸ் கட்டுகிறவள். கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தலையில நுரை காஞ்சு போச்சு. நீ செத்தவனுக்குச் சீவிக்கிட்டிரு."

"செத்தவன் தொணதொணக்கிறதில்ல. அதான் அவனுக்கு மொதல்ல."

"அவன் காசு குடுக்கறானா, நான் குடுக்கறனா?"

"கம்முனு இரு. இந்த வரிசை முடியட்டும்."

கைகளின் சொந்தக்காரி கான் ஆ-துவான். ஐம்பத்தெட்டு வயது. ஷீலோவில், மொத்தக் காய்கறிச் சந்தைக்குப் பின்சந்தில் பெண்களுக்கான முடிக்கடை வைத்திருக்கிறாள். காலைச் சந்தை முடிந்ததும் மூட்டை கட்டும் பெண்கள் வரிசையாக வந்து தலை கழுவிக்கொள்வார்கள். அவர்கள் தலைகளுக்கு நடுவில், கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில், எப்போதும் நாலைந்து மரத்தலைகள் குச்சியில் குத்தி நிற்கும். வாள்வீரர்கள், அரக்கர் வேந்தர்கள், நஞ்சு காய்ச்சும் அரசிகள். எல்லாம் தொலைக்காட்சியில் ஓடும் கைப்பாவைத் தொடரில் வருகிறவர்கள். அவளுடைய கணவர் அவளை "மரத்துக்கு முடி வெட்டறவ" என்று சொல்வார். அவர் சோயா சாஸ் பானைகளுக்கு மூடி கட்டி ஓய்வு பெற்றவர். தொடரை ஒரு நாளும் பார்த்ததில்லை.

பாவைக்கு முடி வைப்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் படப்பிடிப்புக்கூடத்தில் முடி வைப்பவர் கை உடைந்து படுத்துவிட, அங்கே தையல் வேலை பார்த்த பெண் ஒருத்தி ஒரு தலையை நெகிழிப்பையில் போட்டுக் கொண்டுவந்து, "அக்கா, முயற்சி பண்ணிப் பாக்கறீங்களா?" என்றாள். ஆ-துவான் அதில் முடி வைக்கவில்லை. இருந்த முடி முழுவதையும் முதலில் பிரித்தாள். எந்த வரிசை எதன்மேல் ஏறுகிறது, எங்கே பசை, எங்கே நூல் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். பிரிக்க ஏழு நாள். திரும்ப வைக்க நாலு நாள். அந்தத் தலை வாள் சுழற்றிச் சுற்றியபோது முடி விசிறிபோல் விரிந்து, சிக்காமல் மறுபடி தோளில் வந்து அமர்ந்தது. அன்றிலிருந்து கூடத்தின் முக்கியமான பாத்திரங்களுக்கெல்லாம் அவள்தான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று தலைகள்: பேசும் தலை, உட்காரும் தலை, சண்டைத் தலை. மூன்றும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

எங்கள் ரசிகர் மன்றத்தில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. சொந்தப் பாவையைத் தூக்கிக்கொண்டு அவள் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். "இத யாரு ஒட்டினது? கண்ணக் கட்டிக்கிட்டு ஒட்டினானா?" என்பாள். தைச்சுங்கிலிருந்து வந்த ஒரு பெண் அழுதுகொண்டே பேருந்து ஏறினாள். ஆனாலும் முடியைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் வந்தால் கடைசியில் அவளிடம்தான் போவோம். அவள் சொன்னால் முடிந்தது.

அப்படி அவள் சொல்லி முடித்துவைத்த வாக்குவாதம்தான் தனிநாணலைப் பற்றியது.

தனிநாணல் பதினாலு வருஷம் தொடரில் இருந்தான். வடக்கு வாயிலின் காவலன். ஒரு கூட்டத்தையும் உள்ளே விடாதவன். கடைசிப் பருவத்தில், முப்பத்தொன்றாம் பகுதியில், பாலத்தில் தனியாக நின்று சண்டை போட்டான். முப்பத்து நாலாம் பகுதியில் அரக்கர் தூதன் நீட்டிய கிண்ணத்தைக் குடித்தான். முடி வெளுத்தது, கண் சிவந்தது. தன் பதினொரு சீடர்களைத் தன் கையாலேயே கொன்று, வாயிலைத் திறந்துவிட்டான். நாற்பதாம் பகுதியில் தன் வாள்மேல் தானே விழுந்தான்.

மன்றம் இரண்டாக உடைந்தது. கிண்ணத்தில் விஷம், அவன் அறியாமல் குடித்தான், அவன்மேல் குற்றமில்லை என்றது ஒரு பக்கம். இல்லை, தெரிந்தே போனவன், வாயில் காத்த கர்வமே அவனைத் தின்றது என்றது இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்துக்கு எங்கள் தலைவர் ஷீ கோ-பின். மருந்துக்கடை வைத்திருப்பவர், வழுக்கைத் தலை, கணீர்க் குரல்.

"விஷத்துக்கு ஆடினான்னா அவன் யாரு? வெறும் பொம்மை," என்பார். "தானா விழுந்தவன்தான் மனுஷன். அவனத்தான் பதினாலு வருஷம் கும்பிட்டேன்."

"தலைவரே, அவன் பொம்மைதான்," என்று பின்வரிசையிலிருந்து எவனாவது சொல்வான்.

"வாய மூடு. வெளிய போ."

விஷப் பக்கத்துக்கு ஒரே ஒரு உறுதியான ஆள். யூ பெய்-ஜென். தபால்காரி. நாற்பத்தொரு வயது, ஒல்லி, வெயிலில் கறுத்த கைகள். அவள் சொல்வாள்: "வாழ்நாள் முழுக்கக் கதவச் சாத்தி வெச்சிருந்தவன். தன் புத்தி தன்கிட்ட இல்லாத ஒரே ஒரு மணி நேரத்துல அதத் தொறந்துட்டான். முழிச்சுப் பாத்தப்ப பதினொரு பொணம். இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு? அவன வில்லனாக்கினாத்தான் தூக்கம் வருமா?"

அப்போதுதான் தலைவர் அந்தப் படத்தைக் கொண்டுவந்தார். பாலத்துச் சண்டையில் அரை நொடி: மூங்கில் தொப்பி பறக்கிறது, தலை திரும்புகிறது, இடது காதோரம் ஒரு வெள்ளைக் கற்றை. நிறுத்திப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. கிண்ணத்துக்கு மூன்று பகுதி முன்னால். ஆக, பாலத்தில் நிற்கும்போதே அவன் அரக்கரோடு கை கோத்துவிட்டான். தொப்பிக்குள் அதை ஒளித்துவைத்திருந்தான். கிண்ணம் வெறும் நாடகம்.

மார்ச் மாதக் கூட்டத்தில் பெய்-ஜென் எழுந்து, "அது வேற தலை. சண்டைத் தலை. கிண்ணத்துக்கு அப்புறம் வர வேண்டிய தலைய மாத்திக் கொண்டுவந்துட்டாங்க," என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். தலைவர் ஆ-துவான் பக்கம் திரும்பினார். "அக்கா, அந்தத் தலைக்கு முடி வெச்சது நீங்க. தப்பா இருக்க வாய்ப்பிருக்கா?"

ஆ-துவான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "என் கையில தப்பு வராது."

கை தட்டினோம். கை தட்டிய சூட்டோடு வாக்கெடுப்பு நடந்தது. படப்பிடிப்புக் குழுவையும் ஆ-துவானையும் அவமதித்ததாகச் சொல்லி பெய்-ஜென்னை மன்றத்திலிருந்து நீக்கினோம். அதோடு விடவில்லை. மன்றத்தின் கைப்பேசி அரட்டைக் குழுவில் அவள் முகத்தைக் கிண்ணத்துக்குள் ஒட்டிப் படம் போட்டார்கள். அவள் தபால் கொடுக்கும் தெருவில் ஓர் உறுப்பினர் தன் தபால்பெட்டியில் "விஷம் கலந்த கடிதம் வேண்டாம்" என்று எழுதி ஒட்டினார். அதிலும் அவள் தினமும் கடிதம் போட்டுவிட்டுத்தான் போனாள்.

ஆண்டு நிறைவு நவம்பரில் வந்தது. தொடரைவிட்டுப் போன பாத்திரத்துக்கு ஒரு வருஷம் கழித்து மன்றம் விடைகொடுக்கும். மன்றத்தின் சொந்தப் பாவைக்குப் புதிதாக முடி வைத்து, உடை மாற்றி, நாற்காலியில் உட்காரவைத்து எல்லோரும் வணங்குவோம். வீழ்வதற்கு முந்தைய உருவத்தில், பாலத்தில் நின்ற கோலத்தில் அவனை உட்காரவைப்பது என்று தலைவர் முடிவு செய்தார். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்.

புதன்கிழமை, சாய்-யூன் தலையில் நுரை காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், அவரே கடைக்கு வந்தார்.

"அக்கா, கருப்பு முடி. இடது காதோரம் அந்த ஒரு வெள்ளைக் கற்றை. எடுப்பா தெரியணும். தொப்பி வேணாம்."

"தொப்பி இல்லாம பாலத்துல நின்னானா?"

"கடைசி அரை நொடி நின்னான்ல. அதான் வேணும். ஒருத்தனும் இனிமே வாயத் தொறக்கக் கூடாது."

"எத்தன முடின்னு பாத்து வெக்கறேன்."

"நீங்க வெச்சா சரியா இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். சாய்-யூன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்: "இந்தாளுக்குப் பொண்டாட்டி இல்லயா?"

ஆ-துவான் சாய்-யூன் தலையைக் கழுவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து அட்டைகளை எடுத்தாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அட்டை. காலியான மருந்துப்பெட்டிகளை வெட்டி விரித்தது. அதில் தலையை முன்னும் பின்னும் வரைந்து, வரிசைகளுக்கு எண் போட்டு, பயன்படுத்திய முடியில் ஒரு துண்டை நூலால் கட்டி ஒட்டிவைத்திருப்பாள். தனிநாணலின் கடைசிப் பருவத்து அட்டையில் வெள்ளை முடித் துண்டு இருந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்து: "இருபத்திரண்டு முடி. கிண்ணத்துக்குப் பிறகு மட்டும்."

கீழே மூன்று தலைகளும் கூடத்துக்குப் போன தேதிகள். பேசும் தலை, வெள்ளை வைத்து, புத்தாண்டுக்கு அடுத்த மாசம். உட்காரும் தலை, அதே நாள். சண்டைத் தலை, வெள்ளை வைத்து, புத்தாண்டுக்கு முந்தின வாரம்.

பாலத்துச் சண்டை எடுத்தது போன வருஷப் புத்தாண்டு விடுமுறை முடிந்த மறுநாள். அன்றைக்குக் கூடத்தில் அவளும் இருந்தாள். பாலத்துக்காகச் செய்த மழைக் குழாய் வெடித்து, எல்லோரும் நனைந்ததால் அவளுக்கு நினைவிருந்தது.

ஆ-துவான் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள். புத்தாண்டு நெருக்கடி. சந்தைப் பெண்கள் எல்லோரும் சுருள் வைத்துக்கொள்ள வந்த வாரம். மூன்று தலைக்கும் சேர்த்து ஒரே தடவையாக வெள்ளைச் சாயம் கலந்தாள். கலந்த கையோடு சண்டைத் தலையில் முதலில் வைத்துவிட்டாள். பாலம் இன்னும் எடுக்கவில்லை என்பதை மறந்து அனுப்பிவிட்டாள். தொப்பி இருந்ததால் கூடத்தில் யாரும் கவனிக்கவில்லை. தொப்பி பறந்தது.

"என்ன, பேயக் கண்ட மாதிரி நிக்கற?" என்றாள் சாய்-யூன்.

"ஒண்ணுமில்ல."

"ஈரத் துண்டு என் தலையிலயே இருக்கு. எடு."

அன்று ஆ-துவான் மூன்று பேருக்குத் தலை கழுவும்போது தண்ணீரைக் கழுத்துக்குள் விட்டாள். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அட்டையை அவளைத் தவிர யாரும் படிப்பதில்லை. இருபத்திரண்டு வெள்ளை முடியை இடது காதோரம் வைத்துக் கொடுத்துவிட்டால் தலைவர் சந்தோஷமாகப் போய்விடுவார். பெய்-ஜென் பொய்க்காரியாகவே இருப்பாள். சொன்னால், பதினெட்டு வருஷமாக எல்லோர் தலையிலும் குட்டிய கை இனி யார் தலையிலும் குட்ட முடியாது. வியாழக்கிழமை முழுவதும் அவள் அந்தத் தலைக்கு முடி வைத்தாள். இடது காதோரத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அட்டையை எடுத்துக்கொண்டு தபால் அலுவலகத்துக்குப் போனாள். பின்பக்கக் கொட்டகையில் பெய்-ஜென் பச்சை ஸ்கூட்டர்மேல் ஒருக்களித்து உட்கார்ந்து, பெட்டிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் "துவான் அக்கா" என்று எழுந்து நிற்பவள். இப்போது எழுந்திருக்கவில்லை.

"சொல்லுங்க கடைக்காரம்மா. தபால் ஏதும் வந்து சேரலயா?"

ஆ-துவான் அட்டையை நீட்டினாள். பெய்-ஜென் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இரண்டு முறை படித்தாள்.

"எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை."

"பொய்."

"புதன்கிழமைதான் அட்டையப் பாத்தேன்."

"மார்ச்ல பாக்கத் தோணலயா? ஒரு மனுஷி எழுந்து நின்னு தலை மாறிப்போச்சுன்னு சொல்றா. வீட்டுக்குப் போய் ஒரு அட்டைய எடுத்துப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"என் கையில தப்பு வராதுன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்க." பெய்-ஜென் சோற்றுப்பெட்டியை மூடினாள். "நான் உங்களத் தப்பு சொல்லவேயில்ல, தெரியுமா? கூடத்துல மாத்திட்டாங்கன்னுதான் சொன்னேன். உங்க கையில தப்பு இருக்கும்னு நானும் நெனக்கல. அந்த அளவுக்கு முட்டாளா இருந்திருக்கேன்."

"தப்புதான். மன்னிச்..."

"அத இங்க வெக்காதீங்க. எனக்கு இன்னும் முன்னூத்திப் பத்து வீடு பாக்கி." தலைக்கவசத்தை மாட்டினாள். "நாப்பது பேர் முன்னாடி சொன்னீங்கல்ல? திரும்பச் சொல்றதுன்னா அங்கதான் சொல்லணும். இந்தக் கொட்டகையில நாய்கூட இல்ல."

"அவங்க கேக்க மாட்டாங்க."

"அது எனக்கு நல்லாவே தெரியும்," என்று வண்டியைக் கிளப்பினாள். அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் ஓரம் கசங்காமல் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஆ-துவான் கடையைத் திறக்கவில்லை. இடது காதோரம் கருப்பு முடியே வைத்தாள். கொண்டை முடிந்து ஊசி செருகி, ஒரு முடியும் எழாமல் நீராவி காட்டி அமர்த்தினாள். பார்த்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டோம், அவள் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

ஞாயிறு காலை சந்தைச் சங்கத்தின் மாடிக்கூடம் நிறைந்திருந்தது. பிங்தோங்கிலிருந்து ஒரு பேருந்தே வந்திருந்தது. ஆளுக்கொரு பாவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேடையில் காலி நாற்காலி ஒன்று, அதன் முன்னால் மது, பழம், வேர்க்கடலை மிட்டாய். எங்கள் வழக்கப்படி முடி வைத்தவர் பாவையைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் பிரித்துக் காட்ட வேண்டும். தலைவர் இரு கையால் வாங்கி, கையை உள்ளே நுழைத்து உட்காரவைப்பார். உட்கார்ந்த தலையில் அதன் பிறகு எவரும் சீப்பு வைக்கக் கூடாது. எந்தக் கோலத்தில் உட்கார்ந்தானோ அதுதான் அவன்.

ஆ-துவான் சிவப்புத் துணியைப் பிரித்தாள். முன்வரிசை "ஆ" என்றது. பிறகு தலைவரின் முகம் மாறியது.

"அக்கா. வெள்ளை எங்க?"

"இல்ல."

"இல்லன்னா? மறந்துட்டீங்களா?"

"பாலத்துல அவனுக்கு வெள்ளை முடி கெடையாது," என்றாள் ஆ-துவான். குரலை உயர்த்தவில்லை. கூடம் தானாக அடங்கியது. "சண்டைத் தலையில வெள்ளைய ஒரு மாசம் முன்னாடியே வெச்சு அனுப்பிட்டேன். நான் பண்ண தப்பு. அட்டை இருக்கு, தேதி இருக்கு. மார்ச்ல இதே கூடத்துல என் கையில தப்பு வராதுன்னு சொன்னேன். அது பொய்யாப் போச்சு. பெய்-ஜென் சொன்னது சரி. நீங்க அவள வெளிய அனுப்பினது என் பேச்சக் கேட்டு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

"யாரு மெரட்டினாங்க உங்கள?"

"எட்டு மாசமா எழுதறேன், நாப்பத்திரண்டு பக்கம்! அந்தக் கற்றைய வெச்சு! அத என்ன பண்றது இப்ப?"

"கடல மடிச்சுக் குடு."

"திரையில வந்தது வந்ததுதான்," என்றார் தலைவர். குரல் கணீரென்று சுவரில் மோதியது. "யாரு ஒட்டினா, எப்ப ஒட்டினான்னு நமக்கு எதுக்கு? கோடிப் பேர் பாத்தது வெள்ளை முடிய. உங்க கை தப்புப் பண்ணிச்சுன்னா அதுகூட அவன் விதிதான்."

"அவன் விதி என் சாயக் கிண்ணத்துலயா இருந்துச்சு? புத்தாண்டுக்கு முந்தின வாரம் முப்பது பொம்பளைங்களுக்குச் சுருள் வெச்சேன் தலைவரே. அவசரம். அவ்வளவுதான்."

"கண்ணு போயிடுச்சு இவங்களுக்கு," என்றான் ஒருவன். "இனிமே யாரு இவங்ககிட்டத் தலையக் குடுப்பா?"

மூன்றாம் வரிசையில் தைச்சுங் பெண் எழுந்தாள். "என் பொம்மைக்கு ஒரே ஒரு வரிசை கோணல்னு எல்லார் முன்னாடியும் என்ன அழ வெச்சீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கோணலாத்தான் இருந்துச்சு."

சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"என்னுதும் கோணல். உன்னுது ஒரு வரிசை, யாருக்கும் அடிபடல. என்னுதுல ஒருத்திக்கு அடிபட்டுச்சு," என்றாள் ஆ-துவான். "அதச் சொல்லத்தான் வந்தேன். கிண்ணத்த அவன் தெரிஞ்சு குடிச்சானா, தெரியாமக் குடிச்சானா, எனக்குத் தெரியாது. எனக்கு முடி மட்டும்தான் தெரியும். அத வெச்சு இன்னும் பத்து வருஷம் அடிச்சுக்கங்க. இந்த வெள்ளை முடிய மட்டும் வெச்சு அடிச்சுக்காதீங்க."

அப்போதுதான் படிக்கட்டு வாசலில் பெய்-ஜென் நிற்பதைப் பார்த்தோம். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"உறுப்பினர் இல்லாதவங்க உள்ள வரக் கூடாது," என்றார் தலைவர்.

"நான் உள்ள வரலயே. வாசல்ல நிக்கறேன்."

"இப்ப என்ன, மறுபடி சேத்துக்கணுமா?"

"வேணாம். உங்களோட உக்காந்து மிட்டாய் திங்கற ஆசை போயிடுச்சு." அவள் எங்கள் வரிசைகளை நிதானமாகப் பார்த்தாள். தபால்பெட்டியில் எழுதி ஒட்டியவர் குனிந்து தன் பாவையின் காலணியைச் சரிசெய்தார். "நாப்பது பேரும் கேட்டாங்களான்னு பாக்கணும். கேட்டுட்டாங்க."

ஆ-துவான் அவளைப் பார்த்தாள். பெய்-ஜென் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டாள். திருப்பி எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. நிலைப்படியில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

ஆ-துவான் பாவையை நீட்டினாள். தலைவர் இரு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வெள்ளை இல்லாம நான் வாங்க மாட்டேன்."

"வெள்ளை வெச்சு நான் குடுக்க மாட்டேன்."

"மன்றத்துப் பொம்மை இது."

"மன்றத்துப் பொம்மைதான். அதான் நீட்டிக்கிட்டிருக்கேன். வாங்கிக்கங்க."

பாவை பெரிய கனம் இல்லை என்றாலும், நீட்டிய கைக்கு லேசானதல்ல. அவள் கையை இறக்கவில்லை. கூடம் கடிகாரத்தைப் பார்த்தது. பதினொன்றுக்குள் உட்காரவைக்க வேண்டும் என்று நாள் பார்த்துக் குறித்தவர் தலைவரேதான்.

பிங்தோங் பேருந்தில் வந்த லாரிக்காரர் ஒருவர் எழுந்தார். "தலைவரே, நாற்காலி காலியா இருக்கு. மூணு மணி நேரம் பஸ்ல குலுங்கி வந்திருக்கோம். நல்லவனோ கெட்டவனோ, அவன உக்கார வைங்கய்யா. சண்டைய அப்புறம் போட்டுக்கலாம்."

"அப்புறம்னா? உக்கார வெச்சா முடிஞ்சு போச்சு!"

"பின்ன? காலி நாற்காலியவா கும்பிடறது? அந்தாளுக்குப் பதினாலு வருஷம் கை தட்டினவங்க நாங்க."

தலைவர் அப்போதுதான் பாவையின் முகத்தை நேராகப் பார்த்தார். அதுவரை காதோரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டையையும், நெற்றியில் விழுந்த இரண்டு இழையையும், பாலத்தில் நின்ற அந்த வீம்பு மாறாத வாயையும் பார்த்தார்.

"இனிமே உங்க கடைப் பக்கம் என் நிழல்கூட வராது," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உங்க தலையில என்ன இருக்கு தலைவரே, என் கடைக்கு வர?"

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவர் கைகள் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாக முன்னால் வந்தன. ஆ-துவான் பாவையின் கழுத்தை அவருடைய வலது உள்ளங்கையில் வைத்தாள், உடையின் கீழ்மடிப்பை இடது கையில் வைத்தாள். அவர் பிடி இறுகும்வரை விடவில்லை. இறுகியதும் விட்டாள்.